பித்தப்பையே இல்லாதவளுக்குப் பித்தப்பைக் குழாயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில் கல்லீரலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கொழுப்பு, மஞ்சள் காமாலை, கிருமித் தொற்று என்று ஒவ்வொன்றையும் எளிமையாகச் சொல்லியிருந்தார்கள். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் உட்காரவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது: ‘பித்தப்பையின் நுண்குழாய்களில் சுரக்கும் பித்தநீர் குடலுக்குச் செல்கிறது.’ பக்கத்தில் ஒரு படம் வேறு. படத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, நோய்க்கூறு மருத்துவரின் மேஜையில் வைப்பது 34 வருஷம் என் வேலை. நோய் இன்னது என்று சொல்பவர் டாக்டர். அவர் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும்படி செய்பவர்கள் நாங்கள். வெட்டுவதே தொழிலாக இருந்தவள் எழுதும் கடிதம் இவ்வளவு நீளமா என்று கேட்காதீர்கள். வேண்டிய இடத்தில் நீங்கள் வெட்டிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

அந்த ஒரு வரியில் தவறு ஒன்றல்ல. பித்தநீர் பித்தப்பையில் சுரப்பதில்லை. கல்லீரல் செல்களில் சுரக்கிறது. பித்தப்பை அதை வாங்கி வைத்து, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி, வேண்டும்போது வெளியே தள்ளும் ஒரு பை. அவ்வளவுதான். கட்டுரையாளர் சொல்லும் நுண்குழாய்களும் பித்தப்பையில் இல்லை, கல்லீரலுக்குள்ளே இருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘கோலாஞ்சியோல்’, அதாவது பித்தநாளத்தின் மிகச் சிறிய கிளை, என்று எழுதியிருந்ததைத்தான் அவர் இப்படித் தமிழாக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். சின்னத் தவறுதானே, விட்டுவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். விட முடியாததற்கு என் தங்கை காரணம்.

அவளுக்குப் பல மாதங்களாக உடம்பெல்லாம் அரிப்பு. தோலில் தடிப்பும் இல்லை, சொறியும் இல்லை. ராத்திரியானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் பிய்த்தெடுக்கும் என்பாள். தோல் மருத்துவர் களிம்பு கொடுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி இருக்க வேண்டிய அளவைப்போல மூன்று மடங்கு. ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. பெரிய பித்தநாளம் வீங்கவில்லை, கல் இல்லை. பித்தப்பையும் இல்லை, ஏனென்றால் 12 வருஷத்துக்கு முன்பே கல் இருந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். கடைசியில் கல்லீரலில் ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள்.

முடிவு வந்த அன்று ராத்திரி போன் செய்தாள். ஆங்கில அறிக்கையோடு, நோயாளிக்குப் புரியட்டும் என்று அந்த ஆய்வகத்தில் தமிழில் ஒரு தாளும் இணைத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் இருந்த வரி இது: ‘பித்தப்பைக் குழாய்களில் அபரிமிதமான பெருக்கம் காணப்படுகிறது.’

“அக்கா, பித்தப்பையைத்தான் எடுத்தாச்சே. அப்புறம் அதுல எப்படிக் குழாய் பெருகும்? அன்னைக்கு முழுசா எடுக்காம விட்டுட்டாங்களா? இல்ல, மறுபடியும் முளைக்குதா?”

நான் பதில் சொல்வதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “பெருக்கம்னா புத்துநோய்தானே? மறைக்காம சொல்லு.”

ஆங்கிலத் தாளை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன். படித்தாள். அதில் புற்றுநோய் என்று ஒரு சொல்லும் இல்லை. பித்தப்பையும் இல்லை. இருந்தது ‘கோலாஞ்சியோல்’ என்ற சொல்லும், அவை எண்ணிக்கையில் கூடியிருக்கின்றன என்ற தகவலும்தான். அன்று ராத்திரி போனிலேயே முக்கால் மணி நேரம் அவளுக்குப் பாடம் நடத்தினேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘கோலே’ என்றால் கிரேக்கத்தில் பித்தம். ‘ஆங்கியான்’ என்றால் கலம், நாளம். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஓல்’ லத்தீனிலிருந்து வந்த விகுதி. சிறியது என்று பொருள். கிரேக்க உடம்பு, லத்தீன் வால். மருத்துவத்தில் இப்படிப் பிறந்த சொற்கள் ஏராளம். அந்த வால்தான் இங்கே முக்கியம். தமனியின் சிறு கிளையை நுண்தமனி என்கிறோம், சிரையின் சிறு கிளையை நுண்சிரை என்கிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கே இது பழக்கம். அதே கணக்கில் பித்தநாளத்தின் மிகச் சிறிய கிளை பித்த நுண்நாளம். இவ்வளவு எளிதான சொல் கையில் இருக்கும்போது பித்தப்பையை ஏன் இழுக்க வேண்டும்?

பித்தம் என்ற சொல்லுக்கு நம்மிடம் இருக்கும் வேறு பொருள்களும் இதில் குழப்பத்தைக் கூட்டுகின்றன என்பது என் எண்ணம். தலைசுற்றினால் பித்தம், வாய் கசந்தால் பித்தம், ஆள் ஒரு மாதிரி நடந்துகொண்டால் பித்து. கிரேக்கர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. மனச்சோர்வுக்கு அவர்கள் வைத்த ‘மெலன்கோலி’ என்ற பெயருக்குக் ‘கரும்பித்தம்’ என்றுதான் பொருள். அந்தப் பித்தம் வேறு. நான் சொல்வது கல்லீரலில் ஊறும், மஞ்சளும் பச்சையும் கலந்த, கசப்பான நீர். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் ஊறுகிறது.

எங்கே ஊறி எப்படிப் போகிறது என்பதை ஸ்லைடில் பார்த்தபடியே சொல்கிறேன்.

கல்லீரல் செல்கள் ஒன்றையொன்று ஒட்டி வரிசை வரிசையாக நிற்கும். அடுத்தடுத்த இரண்டு செல்களின் சுவர்கள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய பள்ளம். அகலம் ஒன்று அல்லது இரண்டு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். செல்கள் பித்தநீரை முதலில் விடுவது இந்தப் பள்ளத்தில். இதற்குப் பித்த நுண்கால்வாய் என்று பெயர் சொல்லலாம். இதற்கென்று தனியாகச் சுவர் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர் மாதிரி, இரண்டு செல்களின் உறைதான் இதற்குக் கரை. பித்த உப்புகள் சோப்பைப் போலக் கொழுப்பைக் கரைப்பவை, வெளியே கசிந்தால் செல்லையே அரிக்கும். அதனால் கரையின் இரு ஓரமும் இறுக்கமாகத் தைத்தாற்போல் மூடியிருக்கும்.

இந்த மண் வாய்க்கால்கள் கூடி ஓரிடத்துக்கு வந்ததும் கரை மாறுகிறது. ஒரு பக்கம் கல்லீரல் செல், மறு பக்கம் பித்தநாளத்துக்கே உரிய சின்னச் செல். ஒரு கரை மண், ஒரு கரை செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஹெரிங் கால்வாய் என்று பெயர். எவால்ட் ஹெரிங் 1834-இல் பிறந்து 1918-இல் மறைந்த ஜெர்மானிய உடலியல் அறிஞர். கண் நிறங்களை எப்படி அறிகிறது என்று ஆராய்ந்து, சிவப்புக்கு எதிர் பச்சை, மஞ்சளுக்கு எதிர் நீலம் என்று கோட்பாடு சொன்னவரும் இவரே. கல்லீரல் பக்கம் எப்படி வந்தார் என்று நான் பலமுறை வியந்ததுண்டு. அந்தக் காலத்து ஆட்கள் அப்படி, எதையும் விடுவதில்லை.

அதற்கு அடுத்து இரண்டு கரையும் செங்கல் ஆகிவிடும். குழல் முழுவதும் பித்தநாளச் செல்களால் ஆனது, சுற்றிலும் ஒரு மெல்லிய அடிச்சவ்வு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் நாலைந்து செல்கள் வட்டமாக உட்கார்ந்து நடுவில் ஊசிமுனை அளவுகூட இல்லாத ஒரு துளை. மொத்த விட்டமே 15 மைக்ரானுக்குள். இரண்டு ரத்தச் சிவப்பணுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது. இதுதான் பித்த நுண்நாளம். கோலாஞ்சியோல் என்பது இதைத்தான். இது போய்ச் சேரும் அடுத்த அளவு நாளம் 15-இலிருந்து 100 மைக்ரான் வரை இருக்கும். அது சிறு தமனிக் கிளையோடும் குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் கிளையோடும் சேர்ந்து ஒரே திசுத் தீவுக்குள் ஓடும். அப்படியே பெரிதாகிப் பெரிதாகி, வலது இடது என்று இரண்டு பெரிய நாளங்களாகி, கல்லீரலை விட்டு வெளியே வந்து ஒன்றாகும். பித்தப்பை அதற்கும் பிறகு, பக்கத்தில் ஒரு கிளையாகத் தொங்குகிறது. நுண்நாளம் மலையில் இருக்கும் ஊற்றுக்கண் என்றால், பித்தப்பை கீழே சமவெளியில் ஆற்றோரத்தில் இருக்கும் குளம். குளத்தைத் தூர்த்துவிட்டாலும் மலையில் ஊற்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். தங்கைக்கு இந்த இடம்தான் சட்டென்று பிடிபட்டது. “அப்ப என் ஊற்றுல கோளாறு” என்றாள்.

நுண்கால்வாய்க்கும் நுண்நாளத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒன்றுக்குச் சுவர் இல்லை, மற்றதற்கு உண்டு. அறிக்கையில் எது எழுதியிருக்கிறது என்பதை வைத்து டாக்டரின் யோசனையே வேறு பக்கம் போகும். நிபுணர்களுக்குள்ளேயே இந்தக் கடைக்கோடிக் கிளைகளின் பெயர்களில் குழப்பம் இருந்துதான் வந்தது. ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் எழுதினார்கள். 2004-இல் பல நாட்டுக் கல்லீரல் நோய்க்கூறு மருத்துவர்கள் சேர்ந்து, எதை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கட்டுரையில் வரையறுத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஆய்வகத்துக்கு வந்த இளம் டாக்டர்கள் கோலாஞ்சியோல் என்பதைவிட டக்ட்யூல் என்றுதான் அதிகம் சொன்னார்கள். தமிழில் இரண்டுக்கும் நுண்நாளம் என்ற ஒரே சொல் போதும், நமக்கு அந்தச் சண்டை வேண்டாம்.

நான் முதன்முதலில் நுண்நாளத்தைப் பார்த்தது வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷம். அதுவரை ஆயிரக்கணக்கில் வெட்டியிருப்பேன், பார்த்ததில்லை. ஊசியில் வரும் கல்லீரல் திசு தையல் நூல் மாதிரி இருக்கும். 2 சென்டிமீட்டர் நீளமாவது வேண்டும், அதில் குறைந்தது 11 திசுத் தீவுகளாவது தெரிய வேண்டும் என்பார்கள். முழுக் கல்லீரலோடு ஒப்பிட்டால் அந்த நூல் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்குதான். அதை மெழுகுக் கட்டியில் நேராகப் படுக்க வைப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்தால் பாதி நூல் கத்திக்குத் தப்பிவிடும். பிறகு 4 மைக்ரான் தடிமனில் சீவ வேண்டும். ஒரு தலைமுடியின் தடிமனைப் பதினைந்து இருபதாகக் கூறு போட்டால் வரும் அளவு. சீவும்போது மூச்சை அடக்கிக்கொள்வோம். மூச்சுக் காற்றுக்கே சுருண்டுவிடும். ரிப்பன் மாதிரி வரும் அந்த மெழுகு நாடாவை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டு, சுருக்கம் போனதும் ஸ்லைடை அடியில் விட்டு அள்ளுவோம்.

எங்கள் துறைத் தலைவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இரண்டு பேர் பார்க்கும் நுண்ணோக்கியின் மறுபக்கம் உட்காரச் சொன்னார்.

“என்னம்மா தெரியுது?”

“ஊதாவா சின்னச் சின்னப் புள்ளிங்க சார். ஓரத்துல எறும்பு போற மாதிரி.”

“அதான் கோலாஞ்சியோல். நீ இன்னைக்குக் கொஞ்சம் தடிமனா வெட்டியிருந்தா அது தெரிஞ்சிருக்காது.”

பாராட்டா, எச்சரிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வழக்கமான சாயத்தில் கல்லீரல் செல்கள் பெரிதாக, இளஞ்சிவப்பாக, நிறைவாக இருக்கும். நுண்நாளச் செல்கள் குட்டையாக, உட்கரு மட்டும் அடர்ந்த ஊதாவாக இருக்கும். நல்ல கல்லீரலில் அவை இருப்பதே தெரியாது. பின்னால் கெரட்டின் 7, கெரட்டின் 19 என்ற புரதங்களைத் தேடிப் பிடித்துப் பழுப்பு நிறம் ஏற்றும் சாயமுறை வந்தது. கல்லீரல் செல்களில் அந்தப் புரதங்கள் சாதாரணமாக இராது, பித்தநாளச் செல்களில் இருக்கும். முதல் ஸ்லைடை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, வெளிர்நீலப் பின்னணியில் பழுப்பு நூல்கள் தீவின் ஓரத்திலிருந்து உள்ளே கை நீட்டிக்கொண்டு போயின. இத்தனை வருஷம் இதையெல்லாம் பார்க்காமலா வெட்டிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது.

சரி, இந்த நுண்நாளத்தால் என்ன பயன்? வெறும் குழாய்தானா?

கடத்துவது முதல் வேலை, அதில் சந்தேகமில்லை. நுண்கால்வாயில் சேர்ந்ததை நாளத்தில் கொண்டு சேர்க்கும் இணைப்பு அது. ஆனால் பித்தநாள மரத்தின் உள்சுவர்ச் செல்கள் சும்மா இருப்பவை அல்ல. கல்லீரலில் உள்ள எல்லா வகைச் செல்களின் மொத்தக் கணக்கில் அவை 3 முதல் 5 விழுக்காடுதான். அப்படியிருந்தும் மனிதருக்கு ஒரு நாளில் ஊறும் பித்தநீரில் ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடு அவற்றின் பங்கு என்கிறார்கள். தண்ணீரும் பைகார்பனேட்டும் சேர்க்கும், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வீணாகாமல் திரும்ப உறிஞ்சும். உணவு குடலுக்கு வந்ததும் சுரக்கும் செக்ரிடின் என்ற ஹார்மோன்தான் இந்தச் சுரப்பைத் தூண்டுவது. ஆங்கிலேய உடலியல் அறிஞர்கள் பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் 1902-இல் கண்டுபிடித்தது அது. எலிகளில் செய்த ஆய்வுகளின்படி அந்தத் தூண்டலுக்குக் கீழ்ப்படிபவை சற்றுப் பெரிய நாளங்களின் செல்கள்; கடைக்கோடி நுண்நாளங்களின் செல்கள் அதற்கு அவ்வளவாக அசைவதில்லை. அவற்றுக்கு வேறு பெரிய பொறுப்பு இருக்கிறது.

அந்தப் பொறுப்பைக் காவல் என்பதா, கையிருப்பு என்பதா என்று தெரியவில்லை. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் மீதியுள்ள செல்கள் பெருகி இடத்தை நிரப்பிவிடும், இது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தச் செல்களே பெருவாரியாகச் செத்துவிட்டால், அல்லது வருஷக்கணக்கில் அடிபட்டுப் பெருகும் சக்தியை இழந்துவிட்டால்? அப்போது ஹெரிங் கால்வாயிலும் அதை ஒட்டிய நுண்நாளங்களிலும் இருக்கும் சில செல்கள் கிளம்புகின்றன. கல்லீரல் செல்லாகவும் மாறலாம், பித்தநாளச் செல்லாகவும் மாறலாம் என்ற இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பவை அவை. விதைநெல் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். திடீரென்று கல்லீரல் செயலிழந்தவர்களின் ஸ்லைடுகளில் பாலைவனம் மாதிரி வெறிச்சோடிக் கிடக்கும் இடத்தின் ஓரத்தில் இந்த ஊதா எறும்பு வரிசைகள் திமுதிமுவென்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ‘நுண்நாளங்கள் கூடியிருக்கின்றன’ என்று அறிக்கை சொன்னால், கல்லீரல் ஏதோ ஓர் அடிக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடி எது என்பதைத்தான் டாக்டர் தேடுவார். கீழே பெரிய நாளத்தில் கல் அடைத்திருக்கலாம், மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம், வைரஸாக இருக்கலாம். நிபுணர்களே இதைப் ‘பெருக்கம்’ என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டு ‘நுண்நாள எதிர்வினை’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அங்கே தெரியும் குழல்கள் எல்லாம் பழைய குழல்கள் பெருகியதால் வந்தவை அல்ல. விதைச் செல்களிலிருந்து புதிதாக வந்தவையும் உண்டு, கல்லீரல் செல்லே உருமாறி வந்தவையும் உண்டு. தமிழில் இன்னொரு காரணமும் சேர்கிறது. ‘பெருக்கம்’, ‘வளர்ச்சி’ என்று மருத்துவத் தாளில் பார்த்தால் நம் ஆட்களின் மனசு நேரே புற்றுநோய்க்குத்தான் போகும். நுண்நாளத்தை ஒத்த செல்களால் ஆன புற்றுநோய் வகை ஒன்று உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. அபூர்வம், அதற்குப் பெயரும் வேறு. எதிர்வினையைப் பெருக்கம் என்று எழுதி ஒரு குடும்பத்தை ராத்திரி முழுக்க விழிக்க வைக்க வேண்டியதில்லை.

இந்த எதிர்வினையே நல்ல துப்பாகும் இடமும் உண்டு. பிறந்த குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் மஞ்சள் இறங்கவில்லை, மலம் வெளுத்துப் போகிறது, சிறுநீர் மட்டும் அடர்ந்த மஞ்சள் என்றால், கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தநாளமே அடைந்து போயிருக்கலாம். அந்தக் குழந்தைகளின் ஸ்லைடில் ஒவ்வொரு தீவிலும் நுண்நாளங்கள் நெருக்கியடித்துக்கொண்டு, உள்ளே பச்சைப் பித்தம் கட்டிப்போய் நிற்கும். ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் கொண்டுவந்த அறுவை சிகிச்சை இதற்குத்தான். 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல் என்பதால் அந்த ஸ்லைடுகளை நாங்கள் வரிசையில் காக்க வைத்ததே கிடையாது. கடும் கிருமித் தொற்று ரத்தத்தில் கலந்தவர்களுக்கும் சில சமயம் நுண்நாளங்கள் விரிந்து, உள்ளே பித்தம் கட்டியிருக்கும். டாக்டர் அதைப் பார்த்தவுடன் வார்டுக்குப் போன் செய்வார்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு இருப்பது பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ். பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு வருவது. உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் சின்னப் பித்தநாளங்களைத் தாக்குகிறது. வழக்கமாக ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பொருள் இருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இருக்கும். இவளுக்கு இல்லை, அதனால்தான் ஊசி. இந்த நோயின் விசித்திரம் என்னவென்றால், தீவுக்குள் இருக்கும் நாளம் அழிகிறது, அதைவிடச் சிறிய நுண்நாளம் ஓரத்தில் கூடுகிறது. பெரியவர் வீட்டை விட்டுப் போனதும் சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி. அந்தப் பிள்ளைகளால் முழுப் பாரத்தையும் தாங்க முடியாது. காலப்போக்கில் அவற்றைச் சுற்றி நார்த்தழும்பு கட்டும் என்பதும் உண்மை. பித்தநாளச் செல்கள் தங்களுக்கு மேல் பைகார்பனேட்டைக் குடை மாதிரி விரித்துப் பித்த உப்புகள் அரிக்காமல் காத்துக்கொள்கின்றன, இந்த நோயில் அந்தக் குடை கிழிகிறது என்று ஒரு கருத்தும் இருக்கிறது. தங்கைக்கு மாத்திரை அர்சோடியாக்சிகோலிக் அமிலம். பெயரில் இருக்கும் ‘அர்சோ’ லத்தீனில் கரடி. கரடியின் பித்தத்தில் நிறைய இருப்பதால் வந்த பெயர். “கரடி மாத்திரை சாப்பிட்டாச்சு அக்கா” என்று இப்போது போனில் சிரிக்கிறாள். நொதி அளவும் இறங்கியிருக்கிறது. அரிப்பு முழுதாகப் போகவில்லை.

பெயர் சின்ன விஷயம் என்பவர்களுக்கு இந்த நோயே பதில் சொல்லும். பல பத்தாண்டுகளாக இதன் பெயரின் கடைசிச் சொல் ‘சிரோசிஸ்’ என்றுதான் இருந்தது, அதாவது கல்லீரல் இறுகித் தழும்பாகிப் போன நிலை. ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்ட பலருக்கு அந்த நிலை இருந்ததே இல்லை. சிரோசிஸ் என்றதும் குடிகாரர் என்ற பார்வை வேறு. நோயாளிகள்தான் விடாமல் வற்புறுத்தி, 2015-இல் அந்தச் சொல்லைக் ‘கோலாஞ்சைட்டிஸ்’, அதாவது பித்தநாள அழற்சி, என்று மாற்ற வைத்தார்கள். நோயில் ஒன்றும் மாறவில்லை, மாத்திரையும் அதேதான். பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கும் விதம் மாறியது.

அதனால் உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த முறை கட்டுரையில் இந்தச் சொல் வந்தால் பித்த நுண்நாளம் என்று எழுதுங்கள். கோலாஞ்சியோல் என்று தமிழ் எழுத்திலேயே எழுதினாலும் சரி, தேடிப் பார்ப்பவர்களுக்கு வழி கிடைக்கும். பித்தப்பை என்று மட்டும் எழுத வேண்டாம். என் தங்கையைப் போலப் பித்தப்பையை எடுத்துவிட்டு உங்கள் பத்திரிகையைப் படிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

இனி அந்தப் படம். கல்லீரல் செல் வரிசைக்கு ஒரு பக்கம் சிவப்பில் ரத்தத்தையும், நடுவில் பச்சையில் பித்தநீரையும் வரைந்து, இரண்டுக்கும் ஒரே திசையில் அம்பு போட்டிருக்கிறார் ஓவியர். ரத்தம் திசுத் தீவின் ஓரத்திலிருந்து, செல் வரிசையின் மறுகோடியில் இருக்கும் நடுச்சிரையை நோக்கிப் போகும். பித்தநீர் அதற்கு நேர் எதிராக, நடுச்சிரைப் பக்கத்திலிருந்து தீவின் ஓரத்து நுண்நாளத்தை நோக்கி வரும். படத்தை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால் பச்சை அம்பை மட்டும் திருப்பிப் போடச் சொல்லுங்கள். மற்றபடி செல்களை அவர் வரைந்திருக்கும் விதம் அச்சு அசல், ஸ்லைடில் பார்ப்பது போலவே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
உங்கள் நெடுநாள் வாசகி